ஆற்றுவாயில் ஒரு சிவப்புக் கோடு

நம் திணைக்களத்தின் போன மாதச் செயலமர்வுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். வேலையை விட்டு ஆறு வருடமாகிவிட்ட ஒருவனை ஞாபகம் வைத்து அழைத்ததே பெரிய காரியம். முன்வரிசையில் இருத்தினீர்கள், மாலை போட்டீர்கள், இரண்டு தரம் தேத்தண்ணீர் தந்தீர்கள். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டபோது நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அனுபவசாலியின் பக்குவம் என்று யாராவது நினைத்திருந்தால், பக்குவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாரிக்கு முன் கிராமங்களுக்குக் கொண்டுபோக வேண்டிய காலநிலைப் பாடத்தை உங்களில் ஒரு தங்கச்சி திரையில் காட்டிக்கொண்டிருந்தார். 'புவி வெப்ப உயர்வு ஒன்றரைப் பாகை என்ற வரம்பைத் தாண்டக் கூடாது' என்று ஒரு பக்கம் வந்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடலாம் என்றார். ஒரு வருடச் சராசரி ஒன்றரையைத் தாண்டியாயிற்று, செய்தியிலும் வந்தாயிற்று, இனியும் அதைச் சனத்துக்குச் சொன்னால் சிரிப்பார்கள், இரண்டு என்று மாற்றுவோம் அல்லது இலக்கமே வேண்டாம் என்றார். ஒரு வருடம் தாண்டினால் தாண்டியதாகாது, பல வருடச் சராசரியைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்று தங்கச்சி சொன்னார். அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கு என்று தம்பி கேட்டார். மண்டபம் இரண்டுபட்டது. பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினீர்கள்.

அந்தத் திரையில் இருந்த 'வரம்பு' என்ற சொல் நான் போட்டது. ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது நான் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து அது கைமாறிக் கைமாறி உங்களிடம் வந்திருக்கிறது. அந்தச் சொல்லோடு சேர்ந்து என் பிழையும் வந்திருக்கிறது. அன்றைக்கு மண்டபத்தில் சொல்லக் கூசியதை இப்போது எழுதுகிறேன்.

நான் தண்ணீர் வேலையில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன். குளம், வாய்க்கால், கதவு பற்றியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்க ஆளிருக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. கடைசிக் காலத்தில் எனக்கு ஒரு புது வேலை தந்தார்கள். கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் வந்த காலநிலைத் தாளைத் தமிழாக்கி, கமக்காரருக்கும் மீனவருக்கும் விளங்கப்படுத்த வேண்டும். தாளில் ஒன்றரைப் பாகை என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதற்கு எல்லை என்று போடலாம், வரம்பு என்று போடலாம். எல்லை என்றால் நம் பகுதியில் காணிப் பிரச்சினை மணக்கும், கூட்டம் வேறு பக்கம் போய்விடும். வரம்பு என்றால் வயலைச் சுற்றிக் கட்டுகிற வரப்பு, வயல்காரருக்கு விளங்கும் என்று நினைத்தேன். அவர்களுக்கு நன்றாகவே விளங்கியது. எனக்குத்தான் விளங்கவில்லை.

முதல் வகுப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்து மண்டபத்தில். அங்கே தங்கேஸ்வரி என்று ஒருவர் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அந்த ஊரில் வாவிக்கரையை ஒட்டித் தாழ்ந்த வயல்வெளி ஒன்று இருக்கிறது, அதைக் கீழ் வட்டை என்பார்கள். அதற்குப் பின்னால் கொஞ்சம் மேடாக இருப்பது மேல் வட்டை. தங்கேஸ்வரிக்குக் கீழ் வட்டையில் இரண்டு ஏக்கர். கோடையில் உப்பு ஏறுவதால் அங்கே மாரியில் ஒரு போகம்தான் செய்யலாம். அந்த ஒரு போகத்து நெல்தான் அவருடைய வீட்டில் வருடம் முழுக்கச் சோறு.

நான் என் பாடத்தைச் சொல்லி முடித்ததும் அவர் எழுந்தார்.

"சேர், வரம்பு எண்டு சொல்றீங்க. வரம்பு கட்டுறதே அதுவரைக்கும் தண்ணி நிக்கத்தானே. அப்ப ஒண்டரை வரைக்கும் சூடாக்கினாப் பிழையில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அப்போது பகல் பன்னிரண்டரை, சோற்றுப் பார்சல் வந்து இறங்கிவிட்டது, சனம் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அவர் கேட்டது பகிடி இல்லை. நான் போட்ட சொல்லில் இருந்த ஓட்டையை அவர் ஒரே கேள்வியில் காட்டினார். இதுவரை பாதுகாப்பு, இதற்குப் பிறகு அழிவு என்று நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைவிட மோசம், எனக்கே அப்படிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வகுப்பு பெரியகல்லாற்றில், மீனவர்களுக்கு. அங்கே திரும்பிவர முடியாத மாற்றங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. பெரும் பனிப்பாறைகள் ஒரு கட்டத்துக்கு மேல் உருகத் தொடங்கினால் பிறகு குளிர்ந்தாலும் நிற்காது, பவளப்பாறைகள் வெளுத்து வெளுத்துக் கடைசியில் எழும்பாது, காடு தன் மழையைத் தானே இழந்துவிடும் என்று சொன்னேன். அந்தக் கட்டத்துக்குக் 'கவிழும் புள்ளி' என்று பெயர் வைத்திருந்தேன். மீனவர் சங்கத் தலைவர் அந்தோனிப்பிள்ளை முன்னால் இருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். அந்தப் புள்ளி எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். விஞ்ஞானிகள் மதிப்பீடு வைத்திருக்கிறார்கள், இன்ன இலக்கம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையிலேயே சில கவிழலாம் என்றேன்.

"தோணி கவிழுற இடத்தில கோடு கீறிக் கிடக்காது சேர். ஆட்டம் கண்ட உடன குந்திடணும்."

அருமையாகச் சொன்னீர்கள் என்று பாராட்டி, அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி. அரைப் பாகைக்காக உலகம் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறது என்று இன்னொருவர் கேட்டார். சின்னத் தீவு நாட்டுக்காரர், இரண்டு பாகை ஏறினால் தாங்கள் தண்ணீருக்குள் போய்விடுவோம் என்று சொல்லி ஒன்றரையில் பிடிவாதமாக நின்றார்கள் என்று சொன்னேன். அரை என்பது ஆளுக்கு ஆள் வேறுதானே என்று அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையும் நான் கடந்து போய்விட்டேன்.

வெளிமாவட்டங்களிலிருந்து புதிதாக வந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வாவியைச் சனம் ஆறு என்றுதான் சொல்லும். அது கடலில் விழும் வாயைக் கோடையில் மணல் அடைத்துவிடும். மாரியில் மேற்கே குளங்கள் நிரம்பி வழியும், அதை வான் பாய்வது என்போம், அந்தத் தண்ணீர் எல்லாம் வாவிக்கு வரும். அப்போது மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டும். இதுதான் ஆற்றுவாய் வெட்டுவது. வயல்காரர் நேரத்தோடு வெட்டச் சொல்வார்கள், பயிர் மூழ்கக் கூடாது. மீனவர் பொறுத்து வெட்டச் சொல்வார்கள், வளர்ந்துகொண்டிருக்கும் இறால் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடக் கூடாது. இரண்டு பேரும் சொல்வது நியாயம். அதனால் ஒரு கூட்டத்தில் இரு பக்கமும் ஒத்துக்கொண்டு, ஆற்றுவாய்ப் பக்கத்து அளவுகோலில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தோம். தண்ணீர் அதைத் தொட்டால் வெட்டலாம். அந்தக் கோட்டில் பாதி எங்கள் கணக்கு, பாதி பேரம். உலக நாடுகள் ஒன்றரையைப் போட்டதும் ஏறக்குறைய இப்படித்தான். பேரம் பேசிப் போட்டதால் அது கெட்ட கோடு என்று நான் சொல்லவில்லை. மனிதர் சேர்ந்து போடுகிற கோடு எல்லாம் அப்படித்தான் வரும்.

அந்த வருடக் கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. வியாழக்கிழமை காலை நான் ஆற்றுவாயில் நின்றேன். வெட்டலாமா என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. மேற்கே உன்னிச்சைக் குளத்திலிருந்து ஒரு சக உத்தியோகத்தர் தொலைபேசியில் கூப்பிட்டு, மேலே மழை விடவில்லை, குளம் வான் பாய்கிறது, கதவுகளையும் திறக்கப் போகிறோம் என்றார். அந்த நேரம் தங்கேஸ்வரியும் நாலைந்து வயல்காரரும் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் நனைந்து நனைந்து வந்து சேர்ந்தார்கள். நெல் வேளாண்மை குடலைப் பருவத்தில் நிற்கிறது என்றார்கள். கதிர் வெளியே வராமல் பயிரின் வயிற்றுக்குள் இருக்கும் பருவம் அது, அந்த நேரம் நாலைந்து நாள் மூழ்கினால் உள்ளேயே அழுகிவிடும். கரையின் மற்றப் பக்கத்தில் அந்தோனிப்பிள்ளையின் ஆட்கள் நின்றார்கள். இன்றைக்கே வெட்டுங்கள் என்று தங்கேஸ்வரி கேட்டார்.

தண்ணீர் இன்னும் கோட்டைத் தொடவில்லை, தொட்ட உடனே வெட்டுவோம் என்று நான் சொன்னேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரம் எனக்கு வெள்ளம் பயமில்லை, கடிதம்தான் பயம். வெட்டிய பிறகு மழை விட்டுவிட்டால், கோடு தொடுமுன் ஏன் வெட்டினாய் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கோடு தொட்ட பிறகு வெட்டினால் யார் வயல் போனாலும் என்னை ஒருவரும் கேட்க முடியாது. கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தண்ணீரைப் பற்றி அன்று எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. உன்னிச்சைத் தண்ணீர் வாவிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெரிந்தும் நாலு விரலைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தண்ணீர் கோட்டைத் தொட்டது. நான் சொன்னபடி உடனே வெட்டச் சொன்னேன். ஆனால் அதற்குள் ஆற்றுவாய்க்குப் போகும் பாதை மூழ்கி, மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் நடுவழியில் நின்றுவிட்டது. சனிக்கிழமை பகல் தண்ணீர் கோட்டுக்கு மேல் ஒரு சாண். கீழ் வட்டையில் பயிரின் தலைகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியகல்லாற்றில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடினோம். நாற்பது பேர் வரை வந்திருந்தார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. இனியும் வெட்டத்தான் வேண்டுமா? எங்கள் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவரே தொடங்கினார். கோடு தாண்டியாயிற்று, கீழ் வட்டை போயிற்று, இனி வெட்டி என்ன பிரயோசனம், மழையும் குறைகிறது, தானாக வடியட்டும், மீனவர்களின் இறாலாவது மிஞ்சும் என்றார். பலர் ஓம் என்றார்கள்.

நானும் மனதுக்குள் ஓம் என்றேன். இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வதில் பிழை செய்தவனுக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. முடிந்துவிட்டதென்றால் என் பிழையின் அளவும் முடிந்துவிட்டது, அது இனி வளராது. நான் செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டிக்கொண்டு படுக்கலாம். அந்த மண்டபத்தில் அந்த நேரம் நான் விரும்பியது அதைத்தான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேச என்னைக் கேட்டார்கள். வியாழக்கிழமை காலையில் தண்ணீர் கோட்டைத் தொடவில்லை, நாலு விரல் கீழே நின்றது என்று பதிவேட்டைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். பின்னால் தங்கேஸ்வரி எழுந்தார். முழங்கால் வரை சேலை சேறாக இருந்தது.

"வியாழக்கிழமை நீங்க பாத்தது இஞ்ச நிண்ட தண்ணிய, சேர். எங்கட தண்ணி அப்ப உன்னிச்சையில நிண்டது."

பதிவேட்டை மூடிவிட்டேன். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. திரும்பி மண்டபத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"என்ட வயல் போயிற்று. அதக் கதைக்க நான் வரல்ல. மேல் வட்டையில தண்ணி இன்னும் குடலைக்கு வரல்ல. இன்னும் ரெண்டு விரல் ஏறினாக் கால்வாசி போயிரும். ஒரு சாண் ஏறினா முழுக்கப் போயிரும். கோடு தாண்டிற்று, தாண்டிற்று எண்டு சொல்றீங்க. தண்ணிக்குக் கோடு தெரியுமா? அது ஒவ்வொரு விரலா ஏறுது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு ஆள்ட வயல் கிடக்கு."

மேல் வட்டையில் உங்களுக்குக் காணி இருக்கிறதா என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு அவர் இருந்தார்.

எல்லோரும் அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தோம். வெட்டினால் இழக்கப்போவது அவருடைய ஆட்கள். மார்கழியும் தையும் அவர்களுக்கு இறாலால் பிழைக்கிற மாதங்கள். அவர் தன் பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் ஏதோ மெல்லமாகக் கேட்டார். பிறகு எழுந்தார்.

"வெட்டினாப் பிறகு மூட ஏலாது. அது தெரிஞ்சுதான் சொல்றன். வெட்டுவம்."

பெக்கோ வர வழியில்லை. மீனவர்களும் வயல்காரர்களும் தோணிகளில் போய், மண்வெட்டியால் வெட்டினோம். நானும் வெட்டினேன், அரை மணித்தியாலத்தில் கை கொப்பளித்துவிட்டது, உத்தியோகத்தரின் கை அவ்வளவுதான். பத்து மணிக்குத் தொடங்கினோம். பகல் பன்னிரண்டு மணிக்கு மணலில் ஒரு முழ அகலத்தில் சிறு வாய்க்கால் போல ஒரு கான் ஓடியது. ஒருவர் அதைத் தாண்டிக் குதித்துக் காட்டினார். ஒரு மணிக்குக் குதிக்க முடியவில்லை. இரண்டு மணிக்குக் கரைகள் பாளம் பாளமாக விழத் தொடங்கின. அந்தோனிப்பிள்ளை எல்லோரையும் பின்னுக்கு வரச் சொன்னார். மூன்று மணிக்கு நாங்கள் வெட்டிய கான் எங்கே இருந்தது என்றே சொல்ல முடியவில்லை, ஒரு ஆறு கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்து மண் போட்டாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது. நான் வகுப்பில் கவிழும் புள்ளி என்று படம் போட்டு விளங்கப்படுத்திய விஷயம் அது. ஆனால் எனக்கு அது விளங்கியது அன்று பின்னேரம்தான். எந்த நிமிடத்தில் அது எங்கள் கையை விட்டுப் போனது என்று பிறகு பலரிடம் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் இறங்கியது. மேல் வட்டையில் ஓரத்து வயல்கள் சில பழுதாகின, மிச்சம் தப்பியது. கீழ் வட்டை அழுகியது. அந்த நாட்களில் படுவான்கரைப் பக்கம் போனால் அந்த நாற்றம் வீதி வரை வரும். பெரியகல்லாற்றில் வலைகள் வெறுமையாக வந்தன. இந்த மூன்றும் என் கணக்கில்தான் சேரும். வியாழக்கிழமை வெட்டியிருந்தால் இறால் போயிருக்கும், ஆனால் கீழ் வட்டை நின்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெட்டியதில் இறாலும் போயிற்று, கீழ் வட்டையும் போயிற்று. பிந்தியதால் இரண்டு பக்கமும் இழந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் நான் பாடம் படித்த நல்ல பிள்ளை ஆகிவிடுவேன். அப்படி இல்லை. அடுத்த மாரியில் உன்னிச்சையிலிருந்து அதே மாதிரி அழைப்பு வந்தது. கோட்டுக்கு ஆறு விரல் கீழே தண்ணீர் நிற்கும்போதே வெட்டச் சொன்னேன். வெட்டிய மறுநாள் மழை விட்டது. மேற்கே மேகம் கலைந்து, வந்த தண்ணீரும் சொற்பம். வெட்டாமலே இருந்திருந்தாலும் ஒரு வயலும் மூழ்கியிருக்காது. இறால் போயிற்று. நான் பயந்த கடிதமும் வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தோனிப்பிள்ளை நாலு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த முடிவு பிழையா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அதே அழைப்பு, அதே மேகம், அதே நேரம் திரும்பி வந்தால் திரும்பவும் வெட்டச் சொல்வேன். தண்ணீர் வராமல் விட்டதால் என் முடிவு பிழையாகிவிடாது. ஆனால் வெறும் வலையோடு வந்தவர்களுக்கு அந்த நியாயத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் செய்த பிழை வேறு. வெட்டுமுன் அந்தோனிப்பிள்ளையின் வீட்டு வாசலுக்குப் போய், இப்படிச் செய்யப் போகிறேன், உங்களுக்கு நட்டம் வரலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. முன்யோசனைக்கு எப்போதும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். அவர் யார் என்று தெரிந்துகொண்டு, முதலில் அவரிடம் போங்கள். உலகக் கூட்டங்களிலும் இதில்தான் இழுபறி என்று நினைக்கிறேன். கோடு எங்கே என்பதைவிட, கோட்டைக் காப்பாற்ற யார் எதை விடப்போகிறார்கள் என்பதில்தான் குரல் உயர்கிறது.

இனி உங்கள் திரைக்கு வருகிறேன்.

பின்வரிசைத் தம்பிக்குச் சொல்கிறேன், நீங்கள் செய்தியைப் பிழையாக வாசிக்கவில்லை. தங்கச்சி சொன்னபடி பல வருடச் சராசரி இன்னும் தாண்டவில்லை என்றாலும், போகிற போக்கில் தாண்டும் என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. உங்களோடு எனக்கு இலக்கத்தில் தகராறு இல்லை. 'இனி என்ன' என்று கேட்டீர்களே, அந்தக் குரலில்தான் தகராறு. அது அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் கேட்ட குரல். நீங்கள் சோம்பேறி என்றோ கல்மனம் என்றோ நான் நினைக்கவில்லை. பயமும் வெட்கமும் சேர்ந்தால் எவருக்கும் அந்தக் குரல் வரும். வந்தால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தைத் தூக்க வேண்டாம். இரண்டு என்று மாற்றவும் வேண்டாம், பிறகு இரண்டு வரைக்கும் சூடாக்கலாம் என்று கேட்க ஒருவர் எழுந்து நிற்பார். ஒன்றரை என்று இருக்கட்டும், ஆனால் அதற்குக் கீழே வேறு விதமாக எழுதுங்கள். ஆபத்து அந்த இலக்கத்தில் தொடங்கவுமில்லை, அந்த இலக்கத்தோடு முடியவுமில்லை என்று எழுதுங்கள். இதுவரை மேலே அனுப்பிய புகையின் முழு விளைவும் இன்னும் நமக்கு வந்து சேரவில்லை, கடல் சூடாவதும் பனி உருகுவதும் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன என்று எழுதுங்கள். தாண்டினாலும் ஒவ்வொரு பத்திலொரு பாகைக்கும் காப்பாற்ற யாரோ இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். திரும்பிவர முடியாத இடம் எங்கே என்று எங்களுக்குத் துல்லியமாகத் தெரியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாது என்று சொன்னால் சனம் மதிக்காது என்று நான் பயந்திருந்தேன். பெரியகல்லாற்றில் அதைச் சொன்னபோதுதான் என்னை அவர்கள் மிகவும் மதித்தார்கள். வரம்பு என்ற சொல்லுக்குப் பதிலாக ஒரு நல்ல சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. உங்களில் ஒருவருக்குக் கிடைத்தால் எனக்கும் அறிவியுங்கள்.

தங்கேஸ்வரியிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கப் போனேன். வெள்ளம் வந்த அந்த மாரிக்குப் பின், மாசி மாதம், மேல் வட்டையில் வேளாண்மை வெட்டினார்கள். நிலம் ஈரமாக இருந்ததால் மெசின் இறங்க முடியவில்லை, கையால்தான் வெட்டினார்கள். வெட்டுக்காரப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள். அதில் தங்கேஸ்வரியும் இருந்தார், கூலிக்கு. மோட்டார் சைக்கிளில் வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு வியாழக்கிழமை என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து என்னைப் பார்த்தார்.

"நெல்லப் பாருங்க சேர். நல்லா விளைஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். நெல் உண்மையாகவே நன்றாக விளைந்திருந்தது. அன்று பின்னேரம் மேல் வட்டையிலிருந்து வீடு வீடாக மூட்டைகள் போயின. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து பேசியிராவிட்டால் அதில் ஒன்றும் போயிருக்காது. அவற்றில் ஒரு மூட்டையும் தங்கேஸ்வரியுடையது இல்லை. அடுத்த மாரி விளையும்வரை அவருடைய வீட்டில் கடையில் வாங்கிய அரிசிதான் உலையில் ஏறியது.